பிந்தாத லொறி

என் மகன் லோகேஸ் லொறி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் 23,750 ரூபாய். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலையைக் கொழும்பில் இறக்கிற வேலை அவனுக்கு. போன வருசம் ஹல்துமுல்லை வளைவில் லொறி சரிந்து செத்துப்போனான். கடன் என் பேருக்கு வந்தது.

அதற்குப் பிறகு அந்த லொறி ஒருநாளும் பிந்தவில்லை. டிரைவர் தனியாகத்தான் போய்வருகிறார். கொழும்பிலிருந்து வரும் ரசீதுத் துண்டில், சரக்கு இறக்கியவர் என்ற இடத்தில் லோகேசின் கையெழுத்து. எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான், தெரியாமலா போகும்?

"யாரு போட்டா என்னண்ணே, நேரத்துக்குப் போகுதில்ல?" என்று முதலாளியின் கிளார்க் ஒவ்வொரு நடைக்கும் அவன் கூலியைக் கடனில் கழித்தார்.

நேற்றுக் கூப்பிட்டார். "கடன் முடிஞ்சிருச்சுண்ணே. இனி அவன் வரத் தேவையில்ல."

"இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் குடுங்கய்யா" என்றேன்.