டாங்கிக்குள் ஒரு டீ

வியாழக்கிழமை அந்தப் பெட்டி ஒழுங்காகத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால், ஜெயபிரகாஷ் மனைவி மகளோடு ஈரோட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பெட்டி பிரிட்டிஷ் ராணுவத்துக்கானது. டாங்கிக்குள் உட்கார்ந்தபடியே சிப்பாய்கள் டீ போட்டுக்கொள்ள ஒரு மின்சாரக் கெட்டில், அவ்வளவுதான். ஆனால் ராணுவம் கேட்டால் அது வெறும் கெட்டிலாக இருக்க முடியுமா? பாலைவனத்திலும் ஓட வேண்டும், பனியிலும் ஓட வேண்டும், தலைகீழாகக் கவிழ்ந்தாலும் சிந்தக் கூடாது என்று முந்நூறு பக்கத்துக்கு எழுதி, நியூ ஜெர்சியில் நாகரத்தினத்தின் சின்ன கம்பெனியிடம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் முடிய வேண்டியது. லண்டனில் அதிகாரி மாறும்போதெல்லாம் பெட்டியின் அளவும் மாறியதால், இந்த 1998-லும், ஐந்தாவது வருடமாக, இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த இழுபறியில்தான் இன்ஜினியர் ஜெயபிரகாஷின் பிழைப்பு ஓடியது. இந்த வேலைக்காகத்தான் விசா. இந்த வேலையை வைத்துத்தான் கிரீன் கார்டுக்கு மனு. கார்டு கைக்கு வர இன்னும் எட்டு மாதம் ஆகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பெட்டி தேறிவிட்டால் தயாரிப்பு இங்கிலாந்துக்குப் போய்விடும், இங்கே கடையைக் கட்டிவிடுவார்கள். விசாவும் கடைசி வருடத்தில் இருந்ததால் வேறு வேலைக்குத் தாவவும் வழியில்லை.

இத்தனை நாள் ஓடாத சனியன் போன வாரம் ஓடிவிட்டது, அதுவும் மூன்று முறை. விஷயத்தைச் சொன்னபோது நாகரத்தினம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லச் சொன்னார்.

புதன்கிழமை சாப்பாடு போடும்போது மனைவி வான்மதிதான் ஆரம்பித்தாள். “ஏனுங்க, ஒரு ஒயரைக் கழட்டி விட்டா ஆகாதுங்களா?”

நேர்மையைப் பற்றி அவன் சின்னதாக ஒரு பிரசங்கம் செய்யப் பார்த்தான். மகள் ரோஷினிக்கு ஸ்கூலில் இப்போதுதான் ஃப்ரெண்ட்ஸ் கிடைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அவள் அதை முடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை பெட்டியைச் சோதித்துப் பார்க்க லண்டனிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்து இறங்கினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே நாகரத்தினம் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, லேபுக்குள் யாரையும் விடாமல் தனியாகப் பூஜை போட்டிருந்தார். மதியம் விருந்தாளிகளைத் தோசை சாப்பிட, இந்தியக் கடைகள் நிறைந்த பக்கத்து ஊரான ஐசலினுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

“இன்னிக்குக் கிருத்திகைங்க சார், விரதம்” என்று ஜெயபிரகாஷ் நழுவிக்கொண்டான். நாகரத்தினமும் முருக பக்தர். கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு வற்புறுத்தாமல் போய்விட்டார்.

ஜெயபிரகாஷ் பெட்டியின் பின்மூடியைத் திறந்தான். உள்ளே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு பிளக்குகள். ஒன்று தண்ணீரின் அளவைப் பார்ப்பதற்கு, மற்றது சூட்டைப் பார்ப்பதற்கு. இரண்டையும் இடம் மாற்றிச் செருகிவிட்டால், பெட்டி தனக்குள் தண்ணீரே இல்லை என்று நினைத்துக்கொண்டு அணைந்துவிடும். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. எது எது என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்தான். ஆனால் ஸ்டிக்கர் என்ன கலரில் இருக்க வேண்டும் என்று லண்டனில் ஒரு கமிட்டி பதினான்கு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு கண் வைத்துக்கொண்டே இரண்டையும் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகி, மூடியைத் திருகினான். சட்டை நனைந்துவிட்டது. வாழ்க்கையில் செய்த முதல் திருட்டு வேலை. வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்கு பட்டனை அமுக்கினார்கள். அவன் சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தான். பச்சை எரிந்தது. நான்கே நிமிடத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஒரு அதிகாரி டீ பேக்கை முக்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டு, அருமை என்றார். சுடச்சுடக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

ஜெயபிரகாஷுக்கு ஒன்றுமே புரியவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நாகரத்தினத்தின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

விருந்தாளிகளின் கார் கிளம்பியதும் அவர் ஜெயபிரகாஷைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மதியம் லேபுக்குள் யார் போனது என்று கேட்டார். மாட்டிக்கொண்டோம், போகிற போக்கில் ஜெயிலையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நான்தாங்க சார். அந்த ரெண்டு பிளக்கையும் மாத்திச் செருகினது நான்தான்.”

நாகரத்தினம் நாற்காலியில் சரிந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அடப்பாவி, இந்த ஒரு ப்ராஜெக்ட்டை வெச்சுத்தானேய்யா கம்பெனியே ஓடிட்டிருந்துச்சு. காலையில நான் மாத்தி வெச்ச பிளக்கை எதுக்குய்யா சரி பண்ணித் தொலைச்சே?”