காசுக்கு ஓடியவன்

"கழட்டடா அந்தப் பெனியனை!"

இளையதம்பி மாஸ்டர் போட்ட சத்தத்தில் மைதான ஓரத்தில் மேய்ந்த மாடுகளே நிமிர்ந்து பார்த்தன. முத்தலிப் மறுபேச்சில்லாமல் கல்லூரியின் நீலப் பெனியனைக் கழற்றிக் கொடுத்தான். பக்கத்தில் நின்ற தில்லைநாதன் தலையை நிமிர்த்தவில்லை.

முள்ளியவளையில் அந்தப் பெனியன் இரண்டே பேரிடம்தான் இருந்தது. அறுபதாம் ஆண்டு அகில இலங்கை ஓட்டப் போட்டிக்கு அந்தக் கல்லூரியிலிருந்து முதன்முதலாகத் தெரிவானவர்கள் அவர்கள். அதிலும் முத்தலிப்தான் கெட்டிக்காரன். தில்லைநாதன் ஒருநாளும் அவனை முந்தியதில்லை.

கெடுத்தது வவுனியாக் கார்னிவல். கூட்டத்தை இழுக்க, சம்பளத்துக்கு ஓட வரும்படி அதன் முதலாளி இரண்டு பேருக்கும் ஆள் அனுப்பியிருந்தார்.

"யோசிச்சு முடிவெடுங்கோ. ஒருக்காக் காசுக்கு ஓடினா, பிறகு அகில இலங்கைப் பக்கம் தலைவைச்சும் படுக்கேலாது" என்று மாஸ்டர் அப்போதே எச்சரித்தார். மாட்டோம் என்றுதான் இருவரும் சொன்னார்கள்.

இன்று காலை போட்டிச் சங்கத்துக்காரர் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கட நீலப் பெனியனோட ஒரு பெடியன் கார்னிவலில ஓடிக் காசு வாங்கினவனாம். பேர் தெரியாது. ஆர் எண்டு சொல்லாட்டி ரெண்டு பேரையும் போட்டியில இருந்து வெட்டவேண்டி வரும், மாஸ்டர்."

மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியதுமே முத்தலிப் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான் சேர்."

அவருக்கு மனம் ஆறவில்லை. விடியமுன் எழும்பி, பனியில் நனைந்து, தொண்டை வற்றக் கத்தி வளர்த்த ஓட்டக்காரன். எல்லாம் ஒரு கார்னிவல் கூத்தில் போய்விட்டது.

"தண்ணீரூற்றுச் சந்தியில உன்ர வாப்பாவுக்குப் புடவைக்கடை இருக்கு. உனக்கென்னடா குறை? இந்தா நிக்கிற தில்லைநாதனைப் பார். ரெண்டு போகமா வயல் காஞ்சு கிடக்குது, தேப்பன் பாயில படுத்திட்டார். அவனே காசுக்கு ஓடேல்லை!"

தில்லைநாதன் ஓரடி முன்னால் வந்தான். "சேர், நான்..."

"நீ பேசாத! இவனுக்காக ஒருத்தரும் கெஞ்சத் தேவையில்லை."

முத்தலிப்பின் பெயரைச் சங்கத்துக்காரரிடம் அவரே தன் வாயால் சொன்னார். சொன்ன பிறகு நெஞ்சு இன்னும் எரிந்தது.

மறுநாள் சங்கத்துக்காரர் தில்லைநாதனைக் கூட்டிக்கொண்டு மாங்குளம் பஸ்ஸுக்கு வந்தார். அங்கிருந்து கொழும்புக்கு ரயில். வழியனுப்ப முத்தலிப்பும் வந்திருந்ததைக் கண்டு மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தில்லைநாதன் பஸ் படியில் ஏறாமல் நின்றான். கண்கள் நிறைந்திருந்தன. "என்னால ஏலாது முத்தலிப்."

"ஏறடா. ஓடி வெண்டுகொண்டு வா." முத்தலிப் அவன் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளினான்.

பஸ் புறப்பட்டது. மாஸ்டருக்கு எரிச்சல் திரும்பவும் பொங்கியது. அதில் இருந்திருக்க வேண்டியவன் இங்கே றோட்டோரத்தில் நிற்கிறானே!

"இப்பவாவது உள்ளதைச் சொல்லு. அந்தக் கார்னிவலில அப்பிடி என்னத்தைக் கண்டிட்டு ஓடினனி?"

பஸ் செம்மண் புழுதிக்குள் மறைந்த பிறகுதான் முத்தலிப் அவர் பக்கம் திரும்பினான்.

"நான் வவுனியாவுக்கே போகேல்லை, சேர்."