ஆளுக்கு மூணு நிமிஷம்

"பைனாகுலர் யார் கையில இருக்கு?"

டீச்சர் கேட்டதற்குப் பதினோரு பிள்ளைகளில் ஒன்றும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. குளக்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டு ரெட்டைஜடை அதைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு இருப்பதே ஒரு பைனாகுலர். அதையும் ஹெட்மாஸ்டரிடம் ஒன்றரை மாதம் மல்லுக்கட்டி வாங்கியவர் டீச்சர். சனிக்கிழமை காலையில் பின்பக்கக் குளத்துக்கு வர வேண்டும். ஆளுக்கு மூணு நிமிஷம் பார்த்துவிட்டு, பார்த்த பறவையை நோட்டில் எழுதி, அடுத்த ஆளிடம் கொடுக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

ரெட்டைஜடை கைக்கு அது போய் அரைமணி நேரம் ஆகிறது.

"தொப்பி, உன் முறை வந்துச்சா?"

"வந்துச்சு டீச்சர்."

"பார்த்தியா?"

தொப்பி தன் செருப்பைப் பார்த்தான். "எனக்கு வெறுங்கண்ணுலயே தெரியுது டீச்சர். மீன்கொத்தி ரெண்டு, நீர்க்காகம் ஏழு."

"ஏழுல எது குஞ்சு?"

தொப்பி மறுபடி செருப்பைப் பார்த்தான்.

"குண்டூசி, நீ ஏண்டி பார்க்கலை?"

"எனக்குக் கண்ணு வலி டீச்சர்," என்றாள் குண்டூசி.

"போன வாரம் இதுக்காக முடியைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டீங்க. இப்ப ஒருத்தனுக்குக் கழுகுக்கண்ணு, ஒருத்திக்குக் கண்ணு வலியா?"

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. ஒருத்தி மிரட்டுகிறாள், பத்துப் பேர் நடுங்குகிறார்கள். தன் பங்கைக் கேட்டு வாங்கத் தெரியாத பிள்ளைகள் என்ன படித்து என்ன? நாளைக்கு ஊரே இவர்கள் தலையில் மிளகாய் அரைக்கும்.

விறுவிறுவென்று போய் பைனாகுலரைப் பிடுங்கினார்.

"உங்க வீட்டுச் சொத்தாடி இது? அப்படி என்ன அதிசயப் பறவை?"

அவள் பார்த்த திசையிலேயே வைத்துப் பார்த்தார். குளமும் இல்லை, மரமும் இல்லை. தூரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். ஆறாவது மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி ஓர் ஆள் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பறவை பார்க்கக் கூட்டிட்டு வந்தா கட்டடத்தை வேடிக்கை பார்க்கிறியா?"

ரெட்டைஜடைக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள்.

"டீச்சர், திட்டுறதை அப்புறமா திட்டுங்க. முதல்ல அதை அவகிட்ட கொடுத்துடுங்க," என்றான் தொப்பி. "அது அவங்கப்பா. நாலு மாசம் முன்னாடி அங்கேதான் ரெண்டாவது மாடி உயரத்துலேருந்து விழுந்தார். கால் சரியாகி இன்னைக்குத்தான் திரும்ப ஏறியிருக்கார்."

டீச்சரின் கை தானாக நீண்டது.

அதன் பிறகு குளத்தை யாரும் சீண்டவில்லை.

"அஞ்சு," என்றாள் ரெட்டைஜடை. வெகுநேரம் கழித்து, "நாலு." மூன்றாவது மாடியில் கயிறு ஒரு தரம் ஆட, அவள் மூச்சு நின்றுபோனது.

"டீச்சர், தோள் வலிக்குது," என்று முனகினாள் குண்டூசி. டீச்சர் அவள் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை.

"இறங்கிட்டார். கயித்தைக் கழட்டுறார். தண்ணி குடிக்கிறார்."

சொல்லிவிட்டு ரெட்டைஜடை அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

டீச்சருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"பத்துப் பேர் இருக்கீங்க. ஒருத்தராவது காலையிலேயே எங்கிட்ட சொன்னா என்ன? 'நீ இன்னைக்கு வர வேண்டாம், வீட்டுல இரு'ன்னு நானே அவளை அனுப்பி வச்சிருப்பேனே."

"அதனாலதான் டீச்சர் சொல்லலை," என்றாள் குண்டூசி, தோளைத் தேய்த்துக்கொண்டே. "அவ வீட்டுலேருந்து அந்தக் கட்டடம் தெரியாது."