தலையணையின் மறுபக்கம்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியாகக் கட்டில்மேல் கோடுகோடாக விழுகிறது. கட்டட வரைபட அலுவலகத்திலிருந்து வந்தவன் பையைக்கூட இறக்காமல் நிற்கிறான். இந்த ஒற்றைக் கட்டிலில் இரவு இவன் தூங்குவான்; பகலில், இரவுக்காவல் முடிந்து வரும் இன்னொருவன். முகம் பார்த்துக்கொண்டதில்லை. எழுந்து போகிறவன் அடுத்தவனுக்காகத் தலையணையைத் திருப்பிப் போடுவான், அவ்வளவுதான் பழக்கம். "அந்தத் தம்பி காலைல வரவே இல்லப்பா," என்கிறார் வாசலில் நிற்கும் வீட்டுக்கார அக்கா. "வேலை பாத்த இடத்துலயே போய்ச் சேந்துட்டானாம். நாளைக்கு வேற ஆள் வந்துடும்." காலையில் இவன் திருப்பிப் போட்ட தலையணையின் நடுவே தலை அழுந்திய குழி. தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இந்த வாடகைக்கு வேறு அறை கிடைக்காது. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அவனுக்கு இடம் விட்டுச் சுவரோரம் ஒதுங்கிப் படுக்கிறான்.