இடப்பக்க முடிச்சு

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் டெய்சி மகளின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, எண்ணெய் மாற்றி, மறுபடி கட்ட வேண்டும்.

ஏஞ்சலின் ஓட்டக்காரி. குதிகாலுக்கு மேலே வலி. அடுத்த மாதம் சென்னையில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. தேறிவிட்டால் அங்கேயே தங்கிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டில் டெய்சியும் சுவரில் மாலை போட்ட புருஷனும்தான்.

அந்தப் பயம்தான் அவளைப் பொய் சொல்ல வைத்தது.

பிசியோதெரபி டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். வலிப்பது தசைநாண். சும்மா கிடந்தால் அங்கே ரத்தம் குறைவாகத்தான் போகும். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினால் ரத்த ஓட்டம் கூடும். வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் தசைநாண் தேறும். அசையாமல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

ஏஞ்சலின் அப்போது ஒருக்களித்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"அசைக்கவே கூடாதுன்னுட்டாருடி" என்றாள் டெய்சி, ஆட்டோவில். வீட்டுக்கு வந்ததும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டியும் விட்டாள்.

தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில் பால்காரரைத் திட்டியதைக்கூடச் சொன்னவள், இதை மட்டும் விழுங்கிவிட்டாள். பெற்ற மகளின் காலைத் தானே முடக்குகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாரா வாரம் கட்டினாள்.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் தொடுத்துத் தொடுத்துப் பழகிய கை. கட்டுக்கும் வாழைநாரில் பூ முடிச்சுதான் போடுவாள். விடியுமுன் அவள் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டால் ஏஞ்சலின் வீட்டில் தனியாகத்தான் கிடப்பாள்.

டெய்சி நாரை இழுத்தாள். முடிச்சு அவிழவில்லை.

குனிந்து பார்த்தாள். அதே பூ முடிச்சுதான். ஆனால் இடப்பக்கம் விழுந்திருந்தது.

அவள் போட்டால் வலப்பக்கம்தான் விழும். அந்த வீட்டில் இடக்கைக்காரி ஒருத்திதான்.

துணியைப் பிரித்தாள். கெண்டைக்கால் வற்றிப்போயிருக்கும் என்று பயந்துகொண்டே தொட்டாள். கல்லு மாதிரி இறுகியிருந்தது.

மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்க டெய்சிக்குத் தைரியம் வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்த லூசாக் கட்டும்மா" என்றாள் ஏஞ்சலின். "காலையில அவுக்கிறதுக்குள்ள நேரமாயிருது."