கண்ணாடிக்காரரின் கட்சி

"ஆதாரம் காட்டுங்க! ஒரு கல்வெட்டு, ஒரு நாணயம், ஏதாவது ஒண்ணு. இல்லைன்னா அந்த மகான் பிறக்கவே இல்லைன்னு ஒத்துக்குங்க!"

பேராசிரியர் சாப்பாட்டு மேஜையை ஓங்கித் தட்டினார். டம்ளர் ஆடியது.

எதிரே உட்கார்ந்திருந்த கீழ்வீட்டுக்காரர் அசரவில்லை. தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆதாரம் எதுக்கு சார்? வெள்ளத்துல கண்ணு தெரியாத ஒருத்தரைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தைக் கடந்தாரே மகான், அந்த ஆறு இன்னைக்கும் ஓடுதே!"

"ஆறு இருந்தா ஆளும் இருந்ததா அர்த்தமாய்யா? முந்நூறு வருஷம் கழிச்சு எவனோ கட்டிவிட்ட கதை!"

"சாப்பிட்டுக்கிட்டே திட்டுங்க சார்."

திட்டிக்கொண்டே சாப்பிட்டார் பேராசிரியர். சாயங்காலம் ஆனால் இதே கூத்துதான். "வீட்டுல மிஞ்சிப்போச்சு" என்று ஒரு கேரியரைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் மாடியேறுவார். மகானை இழுப்பார். மண்ணைக் கவ்வுவார். மறுநாள் வெட்கமே இல்லாமல் திரும்பவும் வந்து நிற்பார்.

வாழ்நாள் முழுக்கச் சரித்திரம் நடத்தியவருக்கு இப்படி ஒரு ஆள் அகப்பட்டால் விடுவாரா? மனைவி இறந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு அந்த வீட்டுப் படியேறுவதும் இவர் ஒருத்தர்தான். 'பாவம், மண்டையில ஒண்ணுமில்ல' என்று பேராசிரியர் உள்ளூரச் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் தன் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதென்று பேராசிரியர் அவர் கடைக்குப் போனார். நல்ல கூட்டம். கண்ணாடிக்காரரின் புதுச் சம்பந்தி வேறு நடு நாற்காலியில் மிடுக்காக உட்கார்ந்திருந்தார். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லை.

"இவர்தான் எங்க மாடிவீட்டுப் பேராசிரியர். பெரிய படிப்பாளி" என்று கண்ணாடிக்காரர் வாய் நிறையச் சொன்னார்.

பேராசிரியர் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"சம்பந்தி, இவர்கிட்ட கண்ணாடி வாங்குங்க, தப்பில்ல. யோசனை மட்டும் கேட்டுடாதீங்க. இல்லாத ஆளை இருந்தார் இருந்தார்னு சொல்லி தினமும் என்கிட்ட மூக்குடைபட்டுப் போறார். ஊருக்கே கண்ணாடி மாட்டி என்ன, இவர் கண்ணு திறக்கலையே!"

கடையே சிரித்தது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். பெண் கொடுத்தவரைப் பார்க்கிற பார்வையா அது!

"சார் எப்பவுமே இப்படித்தான், தமாஷா பேசுவார்" என்று கண்ணாடிக்காரர் சமாளித்தார். குனிந்தபடியே திருகை முடுக்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் வரவில்லை.

'ரோஷம் வந்துடுச்சோ? வரட்டுமே' என்று நினைத்துக்கொண்டார் பேராசிரியர். மறுநாளும் படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். சம்பந்தியின் அந்தப் பார்வை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்றது. சீ, நானெல்லாம் என்ன மனுஷன்? மகான் இல்லை என்று ஜெயித்து எதை வாரிக் கட்டிக்கொண்டேன்?

பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். கண்ணாடிக்காரரின் மனைவி திறந்தாள்.

"வாங்கண்ணா. அவர் இல்லையே."

"என் மேல கோபமாம்மா?" அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான் பேசினது மகா தப்பு. மகான் இருந்தார்னே அவர் வச்சுக்கட்டும், எனக்கென்ன? ஒருத்தரோட நம்பிக்கையை நாலு பேர் முன்னாடி சிரிப்பாச் சிரிக்க வச்சுட்டேனே!"

"நம்பிக்கையா? யாருக்கு, இவருக்கா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லா இருக்கு போங்க! சாமி கும்பிடக் கூப்பிட்டா கோயில் வாசலைத் தாண்டி உள்ளே வராத ஆளு. மகான் வெறும் கட்டுக்கதைன்னு கல்யாணமான நாள்லேருந்து என்னைக் கேலி பண்றதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மகானைக் கும்பிடறவ நான்தான் அண்ணா."

"அப்போ தினமும் என்கிட்ட வந்து..."

"எல்லாம் என்கிட்ட கேட்டு உருப்போட்டுக்கிட்டு வர்றதுதான். எனக்குத் தெரிஞ்ச சரக்கும் தீர்ந்துபோச்சு. அதான் ரெண்டு நாளா கடையைச் சாத்தினதும் லைப்ரரிக்கு ஓடி, மகான் புஸ்தகமாப் புரட்டிக்கிட்டிருக்கார். 'சம்பந்தி முன்னாடி தலைகுனிஞ்சது பத்தாதா?'ன்னு நான்தான் சண்டை போட்டேன். கேட்டாத்தானே!"

பேராசிரியருக்கு உடம்பெல்லாம் கூசியது. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்கிறவர், இந்த மனுஷன் பக்தன்தானா என்பதற்கு மட்டும் ஒரு நாளும் ஆதாரம் கேட்டதில்லை. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணி போன புதுசுல நீங்க பட்டினியாவே கிடந்தீங்க. யார் வந்து கெஞ்சினாலும் வாயைத் திறக்கல. அப்போ ஒரு நாள் இவர் பேச்சுவாக்குல மகானைப் பத்தி ஏதோ சொல்லப்போக, நீங்க கத்து கத்துன்னு கத்தி, அந்த வேகத்துலயே தட்டைக் காலி பண்ணிட்டீங்களாம். கீழே ஓடி வந்தவர், 'மகான் இருந்தாரோ இல்லையோ, அது கிடக்கட்டும். சார் இன்னைக்குச் சாப்பிட்டார். இனிமே நான் மகான் கட்சி'ன்னார்."