மதிலேறிய எறும்புகள்

எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு மதில்மேல் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன. துரைராஜுக்கு ஆறு மாதம் கழித்து வாய் நிறையச் சிரிப்பு வந்தது.

"தாயாரு, ஞாயித்துக்கெழம மழை ஊத்தப் போவுது!"

"பத்து நாளா ஒரு தூத்தல் இல்ல. வெயிலு மண்டையப் பொளக்குது, இன்னா மழை?" என்றாள் மனைவி தாயாரம்மாள்.

"எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினா மழைன்னு சும்மாவா சொன்னாங்க? மண்ணுக்குள்ள ஈரம் ஊறுனா, முட்டைய நனைய வுடாம தூக்கிகினு மேல ஓடும். எங்கப்பன் இதப் பாத்துதான் நாத்து வுட்டாரு. பக்கத்து வூட்டு ரமா டீச்சருக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

மதிலோரம் வெறுங்காலை வைத்தார். சேறு ஜில்லென்று விரலிடுக்கில் ஏறியது. மண்ணே சாட்சி சொல்லிவிட்டது.

ரமாவின் கணவர் ராஜாராமன் மனுப்போட்டுத்தான் ஆறு மாதம் முன்பு துரைராஜின் கார் ஷெட் இடிபட்டது. "ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் சார்" என்று அந்த மனுஷன் காபியை உறிஞ்சிக்கொண்டே வேடிக்கை பார்த்தது இன்னும் நெஞ்சில் எரிந்தது.

இப்போது தன் மகள் நித்யஸ்ரீயின் கல்யாண வரவேற்புக்குக் காலனி மைதானம் வேண்டுமென்று அதே ராஜாராமன் அலைகிறார். அந்த ஞாயிறைப் பேத்தி ஓவியாவின் காதுகுத்து விருந்துக்கென்று துரைராஜ் முன்பே பிடித்து வைத்திருந்தார். செத்தாலும் தருவதில்லை என்றிருந்தவர், அன்று மாலை தானே போய் மைதான ரசீதை நீட்டினார்.

"நீங்களே வெச்சிக்குங்க சார். நாங்க படப்பைல மண்டபம் பாத்துக்கிறோம்."

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு." ராஜாராமன் கையைப் பிடித்துக்கொண்டார். ரமா தலைகுனிந்து நின்றாள்.

'நனைஞ்சு சாவுங்க!' பட்டுப்புடவைகள் சேற்றில் புரள்வதையும், பந்தல் சரிந்து சாம்பாரில் விழுவதையும் நினைத்து நினைத்து மூன்று நாள் ருசித்தார்.

ஞாயிறு மாலை. மைதானத்தில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

படப்பைக்குப் போக வேன் வந்து நின்றது. ஏறப் போன துரைராஜ், மனம் கேட்காமல் மதிலோரம் ஓடிப்போய்ப் பார்த்தார். சேறு காயவில்லை. எறும்புகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தன.

மதிலுக்கு அந்தப் பக்கம், ரமா வீட்டுத் தோட்டத்தில், கல்யாணப்பெண்ணின் குரல் கேட்டது.

"அம்மா, கிரவுண்டுதான் கெடச்சிடுச்சே, எறும்புப் புத்துல சொருகி வெச்ச ஹோஸை இப்பவாவது ஆஃப் பண்ணும்மா!"